ஐந்நூற்றுக்கு நானூற்று ஐம்பத்தெட்டு

1994 ஜூன் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். டைரியில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் சுவர்க்கடிகாரம் அந்த மாதம் ஐந்து நிமிடம் பின்தங்கி ஓடியதால் 5.45 என்று கொள்ளலாம். மழை இல்லை. கிணற்றில் தண்ணீர் மேல் உறைவரை வந்திருந்தது. ஆறு வாளி இறைத்தேன். அம்மா புட்டுக்கு மாவு நனைத்துக்கொண்டிருந்தாள். அப்பா பின்வாசலில் கண்ணாடியைச் சாய்த்து வைத்துச் சவரம் செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சவரம் செய்வதில்லை. அன்று செய்தார். அந்த வரியின் கீழ் மட்டும் கோடு போட்டிருக்கிறேன்.

நம் வயதுக்காரர்களில் பலர் பள்ளிக்காலத்து டைரியைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டிருப்பார்கள். நான் போடவில்லை. பன்னிரண்டு வயதில் தொடங்கியது இன்னும் நடக்கிறது. அந்த ஆண்டு டைரி அப்பாவுக்கு முத்திரைத்தாள் விற்பவர் கொடுத்தது. பழுப்பு அட்டை, ஓரத்தில் பேனா செருகும் வளையம். வளையம் அறுந்து போனது. பேனாவும் போனது. எழுத்து இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். நினைவை மட்டும் நம்பி எழுதினால் எனக்குச் சாதகமாக எழுதிவிடுவேன்.

எங்கள் வீடு பாறசாலைக்கும் தமிழ்நாட்டு எல்லைக்கும் நடுவில். வாசலில் இறங்கி இடப்பக்கம் நடந்தால் இருபத்தைந்து நிமிடத்தில் வேறு மாநிலம். வலப்பக்கம் பஸ் ஏறினால் நெய்யாற்றின்கரை. அப்பா தினமும் வலப்பக்கம் போவார், நான் இடப்பக்கம் போவேன்.

அப்பா பத்திரம் எழுதுபவர். எங்கள் பக்கத்தில் ஆதாரம் எழுத்து என்பார்கள். நெய்யாற்றின்கரையில் ஓட்டுக்கூரை போட்ட ஒரு வரிசைக் கட்டிடத்தில் அவருக்கு ஒரு மேசையும் இரண்டு பெஞ்சுகளும் இருந்தன. நிலத்தை விற்பவர், வாங்குபவர், பாகம் பிரிப்பவர் எல்லோரும் அந்தப் பெஞ்சில்தான் உட்காருவார்கள். அவர் தொழிலில் இரண்டு மூன்று விதிகள் உண்டு. அவற்றைச் சொல்லாமல் பிறகு நடந்ததைச் சொல்ல முடியாது.

முதல் விதி, வெட்டும் திருத்தும் கூடாது. எழுதிய தாளில் ஒரு எழுத்தை அடித்தாலும் அந்த இடத்தில் இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவின் பத்திரங்களில் அடித்தல் இருக்காது. பிழை வந்தால் தாளையே மாற்றி எழுதுவார்.

இரண்டாவது, கையெழுத்துக்கு முன்னால் முழுவதும் வாசிக்க வேண்டும். யார் மகன் யார் என்பதில் தொடங்கி, சர்வே நம்பர், நாலு எல்லை, கிணற்றுக்கான வழி, மரங்கள் என்று ஒரு சொல் விடாமல் உரக்க வாசிப்பார். வாசித்து முடித்ததும் "கேட்டாச்சா? சரிதானே?" என்பார். தலையாட்டினால் போதாது. ஒவ்வொருவரும் வாயால் "சரி" என்று சொன்ன பிறகுதான் பேனா மூடியைத் திறப்பார். விடுமுறை நாட்களில் ஆட்கள் வீட்டுக்கு வந்தால் இந்த வாசிப்பு அடுக்களைவரை கேட்கும். எனக்கு நாலு எல்லையின் வரிசை, கிழக்கு தெற்கு மேற்கு வடக்கு, அப்படித்தான் மனப்பாடம் ஆனது.

மூன்றாவது, தகராறு வந்தால் எழுதுகிறவன் வாய் திறக்கக்கூடாது. பேச வேண்டியது கட்சிக்காரர்கள்.

நாள் முழுக்க மலையாளத்தில் எழுதும் மனிதர், என்னைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினார். எங்கள் ஊரில் தமிழ் வகுப்பு ஏழாவதோடு முடிந்துவிட்டது. எல்லாரும் மலையாளத்துக்கு மாறினார்கள். அப்பா என்னை எல்லைக்கு அந்தப்புறம் சேர்த்தார். பெரியப்பா அன்றே வீட்டுக்கு வந்து கேட்டார். அவர் அரசு அலுவலகத்தில் கிளார்க். எங்கள் குடும்பத்தில் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. நாளைக்கு இங்கே வேலைக்குப் பரீட்சை எழுத வேண்டாமா, பிள்ளை அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் போய்விடும் என்றார். அவர் போன பிறகு அப்பா அம்மாவிடம், வேலைக்கு வேண்டிய மலையாளம் தெருவிலேயே கிடைக்கும் என்று மட்டும் சொன்னார். அந்த மூன்று வருடமும் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா புன்னகை செய்வார். பெரியப்பா மகன் எனக்கு ஐந்து மாதம் மூத்தவன். அவனை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவன் இந்தப் பக்கம், மலையாளப் பள்ளி.

இனி வாசகசாலை. ஓடு போட்ட ஒற்றை அறை, முன்னால் சிமெண்ட் தளம், கரும்பலகை ஒன்று. உள்ளே நுழைந்தால் எதிர்ச்சுவரில் அயனி மரத்தில் ஒரு பெரிய பலகை மாட்டியிருந்தது. கறுப்புப் பெயிண்ட், வெள்ளை எழுத்து. மேலே மலையாளத்தில் 'மாதாபிதாக்கள்' என்று தலைப்பு. ஒவ்வொரு ஆண்டும் பத்தாம் வகுப்பில் எங்கள் வார்டிலேயே கூடுதல் மார்க் வாங்கும் பிள்ளைக்கு ஆண்டுவிழாவில் கோப்பை கொடுப்பார்கள். அது எங்கும் உள்ளது. எங்கள் வாசகசாலையின் வழக்கம் வேறு. அந்தப் பிள்ளையின் அம்மாவையும் அப்பாவையும் மேடைக்கு அழைத்து, நடுவில் கைவைத்த இரண்டு பிரம்பு நாற்காலிகளில் உட்கார வைப்பார்கள். தலைவரே பக்கத்தில் மடக்கு நாற்காலியில்தான் இருப்பார். மறுவாரம் அந்தப் பலகையில் அம்மா பெயரும் அப்பா பெயரும் பெரிய எழுத்தில் ஏறும். பிள்ளையின் பெயர் கீழே, சின்னதாக. பிள்ளைக்குத்தான் சர்டிபிகேட் இருக்கிறதே, பெற்றவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று வாசகசாலையைத் தொடங்கியவர் கேட்டாராம்.

அம்மா வாசகசாலைக்குள் போனதில்லை. ஆனால் அந்தப் பலகையில் யார் யார் பெயர் இருக்கிறது என்று வரிசையாகச் சொல்வாள்.

ஜூன் முதல் வாரத்தில் எனக்கு மார்க் பட்டியல் கிடைத்தது. தமிழ் 91, ஆங்கிலம் 84, கணக்கு 98, அறிவியல் 94, சமூக அறிவியல் 91. கூட்டினால் 458. பள்ளியில் தமிழ் வகுப்பில் நான்தான் முதல். தலைமையாசிரியை என் கையைக் குலுக்கினார். அதுவரை யாரும் என் கையைக் குலுக்கியதில்லை. எவ்வளவு நேரம் கையை நீட்டி வைத்திருக்க வேண்டும் என்று தெரியவில்லை. அண்ணனுக்கு 471. அவன் அதைச் சொல்ல வீட்டுக்கு வந்தபோது, என் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு "எனக்கு அறுநூறுக்காக்கும் பிள்ளே, உனக்கு ஐந்நூறுக்கு. நீ என்னைத் தூக்கிச் சாப்பிட்டாச்சு" என்றான். இதையும் அன்றே எழுதி வைத்திருக்கிறேன்.

இங்கேதான் எல்லாம் இருக்கிறது. அந்தக் காலத்தில் கேரளத்தில் பத்தாம் வகுப்புக்கு மொத்தம் அறுநூறு மார்க். தமிழ்நாட்டில் ஐந்நூறு. எல்லையில் குடியிருப்பவர்கள் எத்தனையோ விஷயத்தை இந்தக் கணக்குக்கும் அந்தக் கணக்குக்கும் மாற்றி மாற்றிப் பழகியவர்கள். ஆனால் அந்தப்புறம் படிக்கப் போன பிள்ளைகள் எங்கள் வார்டில் இரண்டோ மூன்றோ பேர்தான். மார்க் என்றால் அது அறுநூறுக்குத்தான் என்பது ஊரில் பெரும்பாலோருக்கு யோசிக்கத் தேவையில்லாத ஒன்று.

ஜூன் 12, ஞாயிறு. வாசகசாலையிலிருந்து படிவம் வந்தது. ஸ்டென்சில் வெட்டி உருட்டி எடுத்த அச்சு, மண்ணெண்ணெய் வாசனை. பெயர், வீட்டுப்பெயர், பெற்றோர், பள்ளி, கடைசியில் 'கிடைத்த மார்க் (600-ல்)'. அப்பா மேசையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

நான் 458 என்று எழுதச் சொன்னேன். அறுநூறில் 458 என்று எழுதினால் அது பொய் என்றார். அப்படியானால் 600 என்பதை அடித்துவிட்டு 500 என்று எழுதலாமே என்றேன்.

"அச்சில கிடக்கியத வெட்டப்பிடாது மக்கா. வெட்டினா அந்த எடத்தில ரெண்டு பேரும் ஒப்புப் போடணும். நான் போடுவேன். அவங்களுக்க ஒப்புக்கு எங்க போக?"

பிறகு துண்டுத் தாளில் பெருக்கி வகுத்தார். 458ஐ ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் 549.6. அதைப் படிவத்தில் தெளிவாக எழுதினார். புள்ளியைக்கூட அழுத்தி வைத்தார்.

எனக்குப் பிடிக்கவில்லை. நான் வாங்கிய மார்க் அதில்லை. எந்தப் பரீட்சையிலும் யாருக்கும் புள்ளி ஆறு மார்க் போட்டதில்லை. சொன்னேன். "இது கள்ளம் இல்ல, கணக்காக்கும்" என்றார். அன்றைய டைரியில் இருப்பது இவ்வளவுதான்: 'அப்பா என் மார்க்கை மாற்றி எழுதினார். நான் சம்மதிக்கவில்லை.' பதினைந்து வயதுக்கு அந்த 'சம்மதிக்கவில்லை' கொஞ்சம் அதிகம். அதுவும் பத்திரத்து மொழிதான்.

படிவத்தோடு மார்க் பட்டியலின் நகல் ஒன்றையும் வைத்துக் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். படிவத்தில் நகல் கேட்கவில்லை. கேட்காததை அப்பா சேர்க்க மாட்டார்.

திரும்ப 26ஆம் தேதிக்கு வருகிறேன். பத்தரை மணிக்கு வாசகசாலையின் இளைஞர்கள் இரண்டு பேர் அந்தப் பிரம்பு நாற்காலிகளைத் தலையில் கவிழ்த்து எங்கள் வழியாகக் கொண்டுபோனார்கள். தலைவர் வீட்டிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை அவை அப்படித்தான் போகும். பெயரை முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் 549க்கு மேல் வாங்கிய பிள்ளை வார்டில் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். அம்மா கையில் கரண்டியோடு வாசலில் வந்து நின்று, நாற்காலிகள் வளைவில் மறையும்வரை பார்த்தாள்.

"கேட்டியளா, அந்தக் கசேரையில சாஞ்சு இருக்கலாமா, நிமிந்து இருக்கணுமா?"

அப்பா சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். யோசித்துத்தான் சொன்னார். "சாய வேண்டாம். போட்டோ எடுப்பாங்க."

அம்மா பாலராமபுரம் நேரியதை, வெள்ளைக் கைத்தறிச் சேலையை, உடுத்தினாள். கல்யாணமான ஆண்டில் வாங்கியது, மெல்லிய கரை. பெட்டியில் கிடந்த மடிப்பு கஞ்சி போட்டும் போகவில்லை. மடிப்புக்கோடு இடுப்புக்குக் கீழே சதுரமாகத் தெரிந்தது. எங்களிடம் இஸ்திரிப்பெட்டி இல்லை. அம்மா அந்த இடத்தில் கையை வைத்து மறைத்துக்கொண்டே நடந்தாள்.

கூட்டம் மூன்று மணிக்கு என்று நோட்டீஸ். மூன்றேகாலுக்குத் தொடங்கியது. வாசகசாலைக்கு முன்னால் தென்னோலைப் பந்தல். தொண்ணூறு பேர் இருந்தார்கள். எண்ணியது, ஊகமில்லை, கூட்டம் தொடங்கத் தாமதமானபோது வேறு வேலையில்லாமல் எண்ணினேன். நாங்கள் மூவரும் இரண்டாவது வரிசை. பெரியப்பா, பெரியம்மா, அண்ணன் மூன்றாவது வரிசை. பெரியப்பா என் தலையைத் தொட்டு, நல்ல மார்க் என்று கேள்விப்பட்டேன் என்றார். எத்தனை என்று கேட்கவில்லை.

செக்ரட்டரி ஒரு பள்ளி ஆசிரியர், நல்ல மனிதர். மலையாளத்தில்தான் பேசினார். ஆண்டறிக்கை, நன்றி, மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்ற கவலை. பிறகு படிவங்களின் கட்டை எடுத்தார். மேலே இருந்த தாளைப் பார்த்து, "ஐநூற்றி நாற்பத்தொன்பது..." என்று தொடங்கி நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "பாயிண்ட் ஆறு" என்றார்.

சிரிப்பு வந்தது. கெட்ட சிரிப்பில்லை. புள்ளி ஆறு மார்க் எந்தப் பாடத்தில் என்று யாரோ கேட்டார்கள். ரேஷன்கடைக்காரர் கமிட்டி மெம்பர். மேடை ஓரத்தில் நின்றிருந்தார். அவர் குனிந்து தாளைப் பார்த்துவிட்டு, பிள்ளையிடமே கேட்டுவிடலாமே என்றார்.

செக்ரட்டரி என்னைப் பார்த்தார். "மோளே, சரிக்கும் நினக்கு எத்ர மார்க்கு கிட்டி?"

உண்மையில் உனக்கு எத்தனை கிடைத்தது என்று கேட்கிறார். நான் எழுந்து நின்றேன்.

"நானூத்தி அம்பத்தெட்டு."

அவ்வளவுதான் சொன்னேன். 'ஐந்நூறுக்கு' என்ற ஒரு சொல்லைச் சொல்லவில்லை. பயந்துவிட்டேன் என்று பல வருடம் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பயமும் இருந்தது. ஆனால் அன்றைய டைரி வேறு சொல்கிறது. 'கேட்டார்கள். சரியான மார்க்கைச் சொன்னேன்' என்று இருக்கிறது. 'சரியான' என்பதை அழுத்தி எழுதியிருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு முன் மேசையில் நான் தோற்ற வாதத்தில் ஜெயித்துவிட்டதுபோல், அந்த ஒரு நொடியில் எனக்குத் திருப்தியாக இருந்தது. உண்மை அது.

பந்தலில் சத்தம் அடங்கியது. ரேஷன்கடைக்காரர் மெல்லத்தான் சொன்னார், ஆனால் மைக் பக்கத்தில் இருந்தது.

"செண்டு கூட்டி எழுதி எழுதிக் கை பழகிப்போச்சு. பிள்ளைக்க மார்க்கையும் கூட்டிப் போட்டுட்டாரு."

இப்போது சிரித்தது வேறு சிரிப்பு.

பத்திரம் எழுதுபவரைப் பற்றி எதையும் சொல்லலாம். இல்லாத நிலத்தைக் கூட்டி எழுதுகிறவர் என்று சொல்லக் கூடாது. அப்பா பாதி எழுந்தார். ஒரு கையை முன்பெஞ்சின் முதுகில் ஊன்றியிருந்தார். அவர் சட்டைப்பையில் என் மார்க் பட்டியல் நாலாக மடித்து இருந்தது, வெளியே தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. காத்திருந்தார். கட்சிக்காரர் பேசட்டும் என்று பெஞ்சில் காத்திருப்பாரே, அதே முகம். நான் உட்கார்ந்துவிட்டேன். சற்று நேரத்தில் அவரும் உட்கார்ந்தார்.

அந்தக் கூட்டத்தில் இரண்டு மாநிலக் கணக்கும் தெரிந்தவர்கள் நாலைந்து பேராவது இருந்திருப்பார்கள். மழை கறுத்துக்கொண்டு வரும் நேரத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்குக்காக எழுந்து பேச யாருக்கும் தோன்றவில்லை. குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் சொந்த மார்க்குக்கு நானே பேசவில்லை.

அடுத்த படிவம் 471. பெரியப்பாவையும் பெரியம்மாவையும் அழைத்தார்கள். பெரியம்மா மேடையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பெரியப்பா நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அண்ணன் கோப்பையை வாங்கும்போது தரையைப் பார்த்தான். ஓலைப் பந்தலில் முதல் துளிகள் விழும் சத்தம் கேட்டது.

வீட்டுக்கு நடக்கும்போது குடை ஒன்று, ஆட்கள் மூன்று. அப்பா குடையை எங்களிடம் கொடுத்துவிட்டு முன்னால் நனைந்துகொண்டு போனார். அம்மா வளைவுவரை பொறுத்தாள்.

"ஐந்நூறுக்குன்னு ஒரு வார்த்த. அதச் சொல்ல ஒனக்கு வாய் இல்லாமப் போச்சா? வீட்டில வாய் கொஞ்சமா?"

"அவள ஏசாண்டாம்" என்றார் அப்பா, திரும்பாமல். "கேட்டதுக்கு உள்ளதச் சொன்னா."

"உள்ளதில பாதியச் சொன்னா."

அம்மா மடிப்புக்கோட்டின் மேல் வைத்திருந்த கையை எடுத்துவிட்டதைக் கவனித்தேன். இனி யார் பார்த்தாலும் என்ன என்பதுபோல்.

இதோடு முடிந்திருந்தால் ஒரு கோப்பை போனது என்று விட்டிருப்பேன். மாலை ஐந்தரைக்கு, மழை விட்ட பிறகு, பனச்சமூட்டுக்காரர் ஒருவர் வந்தார். அவர்கள் குடும்பத்தில் பாகம் பிரிக்கும் பத்திரம். மறுநாள் திங்கட்கிழமை எழுதிப் பதிய வேண்டியது. அதற்காக எங்கள் ஊரில் தங்கை வீட்டில் வந்து தங்கியிருந்தார். கூட்டத்துக்கும் வந்திருந்தார். குடையை மடக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"சாரு தப்பா ஒண்ணும் நெனைக்கப்பிடாது. எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. தம்பிமாருதான் சொல்லுதானுவ, வேற ஆள வச்சு எழுதலாம்னு."

அப்பா உள்ளே போய்க் காகிதக் கட்டை எடுத்து வந்தார். மூல ஆதாரம், வரி ரசீதுகள், அளவு வரைபடம், தான் எழுதி வைத்திருந்த நகல். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி மேசையில் வைத்தார்.

"பதினொண்ணு தாள். கேட்டாச்சா? சரிதானே?"

அவர் தலையாட்டினார். அப்பா காத்திருந்தார். அவர் "சரி" என்றார். கட்டைக் கொடுத்தார்.

அவர் போன பிறகு அப்பா வெறும் மேசையின் முன்னால் உட்கார்ந்து மேசைவிரிப்பின் சுருக்கத்தை நீவினார். நான் அடுக்களை வாசலில் நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. எதற்கு என்று எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பொய் சொல்லியிருந்தால் கேட்பது எளிது. அம்மா நேரியதை மடித்துப் பெட்டியில் வைத்தாள், அதே பழைய மடிப்பில்.

பின்னால் நடந்தவற்றில் தேவையானதை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பனச்சமூட்டுக்காரர் திரும்பி வரவில்லை. வேறு ஆட்கள் வந்தார்கள். அப்பா இன்னும் பதினான்கு வருடம் எழுதினார். அவர் எழுதிய எந்தப் பத்திரத்திலும் நில அளவு தகராறாகி நீதிமன்றம் போனதாக நான் அறியவில்லை. பலகையில் 1994க்கு நேரே பெரியப்பா, பெரியம்மா பெயர்கள்தான் இருந்தன. ஒருமுறை மேடையில் சொன்னதை மாற்றி எழுத அப்பாவே சம்மதித்திருக்க மாட்டார். பெரியப்பா தெரிந்தே உட்கார்ந்தார் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சாவு வீட்டில் அண்ணன் சொன்னான்: அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அன்று வீட்டுக்குப் போனதும் அண்ணன் சொல்லியிருக்கிறான். அவர் நம்பவில்லை. நம்பிய பிறகு இரண்டு நாள் எங்கள் வீட்டு வழியாக நடக்காமல் ஆபீசுக்குச் சுற்றிப் போயிருக்கிறார். நான் அதைத் திமிர் என்று டைரியில் எழுதி வைத்திருந்தேன். திருத்தவில்லை, பக்கத்தில் தேதி போட்டு இன்றைய குறிப்பு ஒன்று சேர்த்தேன்.

வாசகசாலைக்கு இப்போது கான்கிரீட் கட்டிடம். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்த பிறகு பிரம்பு நாற்காலிகள் எங்கே போயின என்று விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. என் அம்மாவும் அப்பாவும் அவற்றில் ஒருநாளும் உட்காரவில்லை. எனக்கு வேலை கிடைத்தபோதும், பதவி உயர்ந்தபோதும் அம்மாவிடம் சொன்னேன். நல்லது என்றாள். அவள் மனதில் இருந்த நாற்காலி அது இல்லை என்று எனக்குத் தெரியும்.

1994 ஜூன் 27, திங்கட்கிழமை. 5.40க்கு எழுந்தேன். தண்ணீர் இறைக்கவில்லை. பல் துலக்கவில்லை. ஆணியில் தொங்கிய அப்பாவின் சட்டைப்பையிலிருந்து மார்க் பட்டியலை எடுத்துக்கொண்டேன். முந்தின நாள் மழையில் அதன் ஓரம் நனைந்து காய்ந்து மொரமொரப்பாக இருந்தது. வாசகசாலைக்கு நடந்தேன். ஆறரைக்குப் பத்திரிகை வரும். அதற்காகக் காத்திருக்கும் ஆட்கள் எப்போதும் உண்டு. அன்று ஆறு பேர். செக்ரட்டரி சாவிக்கொத்தோடு நின்றார். ரேஷன்கடைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து முதல் தாளை விரித்திருந்தார். நான் மேசைக்கு முன்னால் போய் நின்று பட்டியலைப் பிரித்தேன்.

மேலிருந்து தொடங்கினேன். அம்மா பெயரையும் அப்பா பெயரையும் சொல்லி, அவர்கள் மகள் என்று சொல்லி, பிறகு என் பெயரைச் சொன்னேன். பெற்றவர்கள் பெயர் அந்தத் தாளில் இல்லை. நானாகச் சேர்த்தேன். பிறகு தாளில் உள்ளபடி, பதிவு எண். தமிழ், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. ஆங்கிலம், நூற்றுக்கு எண்பத்துநான்கு. கணக்கு, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. அறிவியல், நூற்றுக்குத் தொண்ணூற்றுநான்கு. சமூக அறிவியல், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. மொத்தம், ஐந்நூற்றுக்கு நானூற்று ஐம்பத்தெட்டு. கீழே கையெழுத்திட்டவரின் பதவியையும் தேதியையும்கூட விடவில்லை. வாசித்து முடித்துத் தாளை மேசையில் அவர்கள் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

"கேட்டாச்சா? சரிதானே?"

செக்ரட்டரி குனிந்து தாளைப் பார்த்தார். விரலால் மேசையில் ஏதோ வகுத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "சரி, மோளே" என்றார். ரேஷன்கடைக்காரர் பத்திரிகையைத் தாழ்த்தித் தலையாட்டினார்.

தலையாட்டினால் போதாது. நான் அங்கேயே நின்றேன்.